ஆமை நடந்த எல்லை

பாய்மரக் கப்பல்கள் கிழக்கிலும் மேற்கிலும் போய்வந்த காலம் அது. கடலோரத்தில் ஓர் அரசன் இருந்தான். அவனுக்கு அரண்மனை இருந்தது, அரண்மனைக்கு வாசல் இருந்தது, வாசலுக்குக் காவல் இருந்தது. அவனை அங்கேயே விட்டுவிடுவோம், கேட்பவர்களே. இந்தக் கதைக்கு அவன் வேண்டியதில்லை. இது துறைமுகத்தில் சாணம் அள்ளிய கொற்றியின் கதை.

அந்த அரசனுக்குப் புதுமையான விலங்குகள் மேல் ஆசை. கப்பல்காரர்கள் தூர தேசங்களிலிருந்து அவற்றைக் கூண்டில் கொண்டுவந்து காணிக்கை வைப்பார்கள். வழியில் அடிபட்டதையும் நோய் கண்டதையும் கரையில் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளிவிட்டதைக் கொற்றி எடுத்துக்கொண்டாள்.

முதல் வருடம் அவளுக்கு ஒரு நெருப்புக்கோழி கிடைத்தது. அதற்கு ஒரு கண் இல்லை. இரண்டாம் வருடம் ஒரு வரிக்குதிரை. ஏற வந்த மூன்று சேவகர்களைக் கடித்ததால் அதை எல்லாரும் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் வருடம் ஒரு நில ஆமை. கட்டில் அளவு இருந்தது, ஓட்டில் விரிசல் விட்டிருந்தது. அதன் வயது யாருக்கும் தெரியாததால் கொற்றி அதைப் பெரியவர் என்று அழைத்தாள்.

அரசன் பார்க்க வேண்டிய விலங்கைச் சாணம் அள்ளுகிறவள் வளர்ப்பதா என்று துறைக் காவலர்கள் அவளை விரட்டினார்கள். எறிகிறவர்கள் அப்படித்தான். தங்களுக்கு வேண்டாததை எறிவார்கள், அதை இன்னொருவர் எடுத்து நன்றாக வைத்துக்கொண்டால் வயிறு எரிவார்கள்.

கொற்றி நெருப்புக்கோழியையும் வரிக்குதிரையையும் நடத்திக்கொண்டு, பெரியவரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் உள்நாட்டுக்குப் போனாள். அங்கே ஒரு களர் நிலம் கிடந்தது. முள் இருந்தது, உப்பு இருந்தது, பாம்பு இருந்தது. மனிதர் யாரும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

முள்ளை வெட்டி அதையே வேலியாகப் போட்டாள். குளம் தோண்டினாள். மூன்று விலங்குகளின் எருவையும் கூடை கூடையாகச் சுமந்து களரில் கொட்டினாள். இரண்டாம் மழைக்குக் கம்பு முளைத்தது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். கப்பல் பலகைகளின் இடுக்கில் பஞ்சு அடைத்துப் பிழைத்த சடையன், கை நடுங்கத் தொடங்கியதும் துரத்தப்பட்டு வந்தான். முத்துக் குளித்துக் காது போனவர்கள் வந்தார்கள். வந்தவர்களை எல்லாம், நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல், மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள் கொற்றி. ஆறு வருடத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் ஆயின. வேலியும் அதற்கேற்ப விரிந்தது.

நெருப்புக்கோழி கம்பங்கொல்லையில் ஓடிக் கிளிகளை விரட்டியது. வரிக்குதிரை நரிகளை உதைத்து விரட்டியது. பெரியவர் யாரையும் விரட்டவில்லை. சாயங்காலம் குளக்கரையில் அவரருகே உட்கார்ந்து கொற்றி கால் நீட்டிக்கொள்வாள். அந்தக் காலத்தில் அவ்வளவு நிம்மதியாகக் கால் நீட்டியவர் அந்த நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அரசனுங்கூட.

முள்ளாக இருந்தவரை அந்த நிலம் யார் கண்ணிலும் படவில்லை. பச்சையானதும் பட்டுவிட்டது. ஏழு யானை வைத்திருந்த ஒரு கிழார் அதைக் கேட்டார். உடனே வேளான் என்ற அரச அதிகாரி, குடை பிடிக்க ஒருவன், ஓலை எழுத ஒருவன், வெற்றிலை மடிக்க ஒருவன் என்று மூன்று பேரோடு வந்து இறங்கினான்.

அந்த நாட்டில் எல்லை சுற்றல் என்று ஒரு வழக்கம் இருந்தது. தரிசைத் திருத்தியவர் யானையை அதன் எல்லையில் சுற்றிவர விடுவார். அதிகாரி பின்னால் நடப்பார். சுற்றி முடிந்ததும் நிலம் அவருக்கு என்று ஓலை எழுதப்படும். திருத்தியவரிடம் யானை இல்லாவிட்டால், யானை உள்ளவர் சுற்றவிட்டு நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்வார். அதனால் நிலம் திருத்தியவர்கள் பலர் இருந்தும், நிலம் பெற்றவர்கள் யானைக்காரர்களாகவே இருந்தார்கள்.

வேளான் யானை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார்கள். அப்படியானால் நாளைக் காலை கிழாரின் யானை சுற்றும், நீங்கள் மூட்டை கட்டுங்கள் என்றான்.

முப்பத்தொரு குடும்பமும் தலை குனிந்து நின்றது. கொற்றி மட்டும் அவன் கையிலிருந்த சட்ட ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க ஐயா," என்றாள்.

"படிச்சா உனக்குப் புரியவா போவுது?"

"புரியாட்டிப் போவுது. ஆறு வருசம் வெட்டின நிலம். எந்த வார்த்தை எங்களை வெளிய போகச் சொல்லுதுன்னு காதால கேட்டுட்டுப் போறோம்."

வேளான் சிரித்துக்கொண்டே படித்தான். 'தரிசைத் திருத்தியவருடைய விலங்கு அந்த எல்லையைச் சுற்றி வரட்டும். அதை இழுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பும்வரை அதிகாரி பின்னால் காலால் நடக்க வேண்டும். நடுவில் விலகினால் பதவி போகும்.'

படித்து முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. யானை என்ற வார்த்தை ஓலையில் எங்குமே இல்லை. தலைமுறை தலைமுறையாக யாரும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"எங்க கிட்ட மூணு விலங்கு இருக்கு," என்றாள் கொற்றி.

எதை விடுவது என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. நெருப்புக்கோழியை விடலாம், அது ஓடுகிற ஓட்டத்தில் ஆற்றங்கரை வரைக்கும் நமக்கே என்றான் சடையன். கொற்றி மறுத்தாள். ஆற்றங்கரையை நாம் வெட்டவில்லை, வெட்டாததைக் கேட்டால் நமக்கும் கிழாருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். வரிக்குதிரை அதிகாரியைக் கடித்துவிடும். பெரியவரின் பழக்கம் அவளுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு வேலியின் வெளிப்பக்கம் கோவைக்கொடி படரும். அதற்கு அப்பால் தின்ன ஒன்றுமே கிடையாது. வேலி வாசலில் விட்டால் கொடியை மேய்ந்துகொண்டே வேலியோடு வேலியாகப் போய், வாசலுக்கே திரும்பி வருவார். பதினைந்து நாளுக்குக் குறையாது.

காலையில் பெரியவர் புறப்பட்டார். மூன்று அடி வைத்தார், ஒரு கோவை இலையைத் தின்றார், கண்ணை மூடினார். வேளான் பின்னால் நின்றான்.

முதல் நாள் முடிவில் முதல் வளைவுகூட வரவில்லை. இரண்டாம் நாள் குடை பிடித்தவன் காய்ச்சல் என்று சொல்லிப் போய்விட்டான். மூன்றாம் நாள் வெற்றிலை தீர்ந்தது. வேளான் ஒரு குச்சியை எடுத்தான்.

"அடிக்கக் கூடாதுன்னு படிச்சீங்களே ஐயா," என்றான் சடையன். "பெரியவர் கோவிச்சுக்கிட்டா நாலு நாள் படுத்துக்குவாரு."

குச்சியைக் கீழே போட்டுவிட்டு வேளான் கொற்றியை அருகே அழைத்தான். சுற்றி முடிந்தது என்று இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன், அரண்மனைக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்றான். அவன் குரல் கெஞ்சியது. மற்றவர்கள் முகம் மலர்ந்தது. கிடைக்கும்போதே வாங்கிக்கோ அக்கா என்றான் சடையன்.

கொற்றிக்கும் ஆசைதான். இன்றே எழுதினால் இன்றே நிம்மதி. ஆனால் அதிகாரிகள் கொடுக்கிற சலுகையை அவள் துறைமுகத்திலேயே பார்த்திருக்கிறாள்.

"நடக்காம எழுதினதை நடக்காமலே அழிச்சிருவாங்க ஐயா. நாளைக்குக் கிழார் இன்னொரு அதிகாரியைக் கூட்டிட்டு வருவாரு. நீங்க நடங்க. கூழ் நாங்க ஊத்துறோம்."

அவன் நடந்தான். வேறு வழி இல்லை. எந்தக் குடிசைக்கு எதிரே பெரியவர் படுத்தாரோ அந்தக் குடிசையில் கூழ் குடித்தான். ஐந்தாம் நாள் உப்பு போதவில்லை என்று குறை சொன்னான். பத்தாம் நாள் இரண்டாவது குவளை கேட்டான். பதினாலாம் நாள் குளத்தை யார் தோண்டியது, வாய்க்காலை யார் வெட்டியது என்று விசாரிக்கத் தொடங்கினான். மண்ணைக் காலால் மிதித்து நடந்தால் அதிகாரிக்குக்கூடக் கொஞ்சம் புத்தி வரும்.

பதினேழாம் நாள் உச்சி வேளையில் பெரியவர் வாசலுக்கு வந்து சேர்ந்தார். யாரும் கூச்சல் போடவில்லை. எல்லாரும் அவரவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார்கள்.

வேளான் ஓலை எழுதச் சொன்னான். 'இந்த எல்லைக்கு உட்பட்ட நிலம் கொற்றிக்கு' என்று எழுதுகிறவன் தொடங்கினான்.

"நிறுத்துங்க. நான் ஒருத்தி வெட்டலையே. முப்பத்தொரு குடும்பத்துப் பேரையும் எழுதுங்க."

வேளான் அவளைப் பார்த்தான். விலங்கு உன்னுடையது, உன் பெயர் போதும், நீ பெரிய நிலக்காரி ஆகிவிடலாமே என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான்.

"ஒரு பேரு இருந்தா அந்த ஒருத்தியை மிரட்டினாப் போதும், நிலம் போயிரும். முப்பத்தொரு பேரை மிரட்ட எத்தனை ஆள் வேணும் ஐயா?"

"இத்தனை பேருக்கு ஓலை போதாதேம்மா."

"இன்னொரு ஓலை எடுங்க. இந்த நாட்டுல பனைமரத்துக்கா பஞ்சம்?"

நான்கு ஓலை பிடித்தது. சடையன் பெயர் வந்தபோது அவன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தார்கள். மறுபடியும் படிக்கச் சொன்னான். மறுபடியும் படித்தார்கள். அதற்குப் பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான். கிழாரின் யானைகள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

கேட்பவர்களே, உரிமையை ஒருவர் மட்டும் குறுக்கு வழியில் வாங்கினால் அது ஒரு நாளில் போய்விடும், எல்லாரும் சேர்ந்து முழுத் தூரமும் நடந்து வாங்கினால் அதைப் பிடுங்க எந்தக் கையாலும் முடியாது.