பாய்க்கயிற்றில் தொங்கிய ராயர்

கடல் இப்போதைவிடக் கரைக்குச் சற்று நெருக்கமாக இருந்த ஒரு காலத்தில், நெய்தற்குடி என்னும் நாட்டை மகரவேந்தன் என்றொரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் யாரையும் நம்பமாட்டான். அவனுக்குக் கொண்டுவரும் பாலை முதலில் பூனை குடிக்க வேண்டும். குடித்த பூனை கண்ணயர்ந்தால் அந்தத் தூக்கத்தின் மேலும் அவனுக்குச் சந்தேகம் வரும்.

வடகரைத் துறைமுகத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. இடையில் பகைவர் நாடு இருந்ததால், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கரையோரமாகப் பாய்மரக் கப்பலில்தான் போக வேண்டும். பல நாள் ஓட்டம். கோடை முழுக்க மணலில் ஏற்றி வைத்திருந்த கப்பலைத் தயார் செய்ய, அதை ஓட்டும் தலைவனான தண்டல் சடையனுக்கு உத்தரவு போயிற்று. கயிறும் பாயும் கொடுப்பது பண்டகசாலைத் தலைவர் மார்த்தாண்டராயரின் பொறுப்பு. ராயரும் அரசனோடு போவதாக ஏற்பாடு.

ஒருநாள் காலை ராயர் மூச்சிரைக்க அவைக்கு ஓடிவந்தார். கப்பலைக் காக்க வேண்டியவர்களே கடல்நீரை மொண்டு அதற்குள் ஊற்றுகிறார்கள் என்றார். அரசன் அவையோடு கரைக்குப் போனான். உண்மைதான். கப்பலின் வயிற்றில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பலகை இடுக்குகளில் ஒழுகிக்கொண்டும் இருந்தது.

சடையன் பதறவில்லை. வெயிலில் கிடந்த பலகை சுருங்கியிருக்கும், ஊறினால்தான் உப்பி இடுக்கு மூடும், எந்தக் கப்பலுக்கும் இப்படித்தான் என்றான்.

"கேட்டீர்களா, அரசே? கப்பலுக்குள் தண்ணீர் வராமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிறானாம்" என்றார் ராயர். "பகைவன் கைக்கூலி. பேசவிடாதீர்கள்."

பொழுது சாய்வதற்குள் தண்டலின் தலை விழட்டும் என்றான் அரசன். சடையனின் கைகளைக் கயிற்றால் பின்னுக்குக் கட்டினார்கள்.

சடையனின் நிதானம் அமைச்சர் ஏகாம்பரருக்கும் உறுத்தியது. தலை போகும் நேரத்தில் ஒரு மனிதன் இப்படியா நிற்பான்? ஆனால் ராயரின் அவசரம் அதைவிட உறுத்தியது. அப்போதுதான் கண்ணில் பட்டது: கரையில் அடுக்கியிருந்த பயணமூட்டைகளிலிருந்து ராயரின் பெட்டியை மட்டும் இரண்டு ஆட்கள் ஊர்ப்பக்கம் திரும்பத் தூக்கிப் போனார்கள்.

விசாரித்தார். காலையிலிருந்து முதுகுப்பிடிப்பு, பயணம் வர முடியாது என்றார் ராயர்.

முதுகுப்பிடிப்போடு அரண்மனை வரை ஓடிவந்தவரை ஏகாம்பரர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரசனிடம் பணிவாகச் சொன்னார்: "துரோகியைத் தண்டிக்குமுன் விசுவாசியைக் கௌரவிக்க வேண்டாமா? பாய்மர உச்சியில் தங்கள் கொடியை ராயர் கையாலேயே கட்டட்டும். அவர் கொடுத்த புதுக்கயிற்றிலேயே அவரை மேலே தூக்குவோம்."

அரசனுக்குப் பிடித்துவிட்டது. மாலுமிகள் பாய் ஏற்றும் கயிற்றில் உட்காரும் பலகை ஒன்றைக் கட்டினார்கள். ராயர் முதலில் முதுகைச் சொன்னார். பிறகு தலைசுற்றலைச் சொன்னார். பிறகு அமைச்சர்தான் ஒல்லி, அவரே ஏறட்டும் என்றார்.

"கயிறு பலமானதுதானே, ராயரே?" என்று கேட்டார் ஏகாம்பரர்.

"சந்தேகமென்ன?"

"யானையைக் கட்டலாமா?"

"தாராளமாகக் கட்டலாம்."

"அப்படியானால் உங்களையும் தாங்கும். உட்காருங்கள்."

அரசனின் கண் தன் மேலேயே இருந்ததால் ராயர் உட்கார்ந்தார். மாலுமிகள் இழுத்தார்கள். ஆள் உயரம் போனதும் மேலே கயிற்றின் ஒரு புரி அறுந்து தெறித்தது.

"இறக்குங்கள், இறக்குங்கள்" என்று அலறினார் ராயர். "இது பழைய கயிறு."

இறக்கியதும் அரசன் காலடியில் மணலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நல்ல கயிற்றை அயல்நாட்டு வணிகரிடம் விற்றுவிட்டு, மக்கிய கயிற்றைக் கடுக்காய்ச் சாயத்தில் தோய்த்துப் புதிதுபோல் காட்டியிருந்தார். பாய் ஏற்றிப் பார்த்தால் சடையன் கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம். அதற்குமுன் அவனைத் தீர்த்துவிட நினைத்திருந்தார்.

சடையனின் கைக்கட்டுகளை அரசனே அவிழ்த்தான். தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "நீர் தண்டலை நம்பினீரா?" என்று கேட்டான்.

"இல்லை, அரசே. கயிறு தாங்கியிருந்தால் இந்நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பேன்."

புதுக்கயிறு திரிக்கும் வரை ராயர் பட்டுடுத்தியபடியே தேங்காய்நார் அடித்தார். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கப்பலில் ஒழுகல் நாளுக்கு நாள் குறைந்து நின்றது.

புறப்படும் நாளில் மெய்க்காவலர் வாளோடு ஏற வந்தார்கள். சடையன் குறுக்கே நின்றான். அவன் மணிக்கட்டில் கட்டின் தடம் இன்னும் கறுத்திருந்தது.

"அரசே, இவர்கள் கரையிலேயே இருக்கட்டும். வழியில் நாங்கள் செய்வது எது உங்களுக்குப் புரியாமல் போகுமோ, தெரியாது. எப்போது தலை போகுமோ என்று கழுத்தில் கையை வைத்துக்கொண்டு என் ஆட்கள் பாய் கட்ட மாட்டார்கள்."

அரசன் மாலுமிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவர்களும் அவனை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். காவலர்களை விலகச் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினான்.

துறை தாண்டியதும் முதல் பேரலை கப்பலைத் தூக்கிப் போட்டது. அரசன் பக்கத்திலிருந்த ஒரு மாலுமியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் யாரென்று கேட்கவில்லை.