பிரதானி கண்டுபிடித்த ஓய்வு

ஒரு காலத்தில் கொன்றை நாட்டைச் செண்டலங்காரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் சட்டம் போடுவான், மாலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். பல்லக்கு தூக்கிகளுக்குத் தண்ணீர் சுமக்கும் மூக்காயி ஒருநாள் முறையிட, நாலு நாழிகை உழைத்தால் ஒரு நாழிகை ஓய்வு, ஓய்வில் இருப்பவனை யாரும் ஏவக்கூடாது என்று முத்திரை போட்டுவிட்டான்.

ஒரு குடக்காரி சொல்லி ராஜா கேட்பதா என்று முதல் மந்திரியான பிரதானி திருமலைக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. வழியில் ராஜா யாரிடமாவது பேச நிற்கும்போது தூக்கிகள் நடப்பதில்லை, அதுவே ஓய்வு என்றார். நடக்காவிட்டால் ஓய்வாம்! தோளில் பல்லக்குத் தண்டு இருக்கிறதே, அது என்ன கணக்கு? ராஜா குழம்பிப்போய்த் தலையாட்டினான்.

முன்தண்டு பிடிக்கும் சடையாண்டிக்குத் தோளில் சீழ் வைத்திருந்தது. விழுந்தால் வேலை போய்விடும்.

"நான் ஓய்வுலயா இருக்கேன் அக்கா? பின்ன ஏன் வலிக்குது?"

மூக்காயி அவன் காதில் ஏதோ சொன்னாள்.

மறுநாள் உச்சிவெயில். ஆற்றங்கரையில் பல்லக்கை நிறுத்திப் பேசி முடித்த ராஜா, "நட" என்றான். பல்லக்கு அசையவில்லை.

"ஓய்வுல இருக்கோம் சாமி," என்றான் சடையாண்டி பணிவாக. "ஏவக்கூடாதுன்னு உங்க முத்திரை."

"அப்படியானால் இறக்கு."

"இறக்குறது வேலையாச்சே."

ராஜாவுக்குத் தலை சுற்றியது. நடப்பது வேலை, இறக்குவது வேலை, சுமந்து நிற்பது ஓய்வு. அப்படியானால் மேலே உட்கார்ந்து காய்கிற தான் செய்வது என்ன? சுமந்து நிற்பது வேலையா ஓய்வா என்று பிரதானியைக் கேட்டான். வேலை என்றால் பிரதானி சொன்ன வியாக்கியானம் பொய். ஓய்வு என்றால் ராஜா வெயிலில். வீம்புதான் ஜெயித்தது.

"ஓய்வுதான், பிரபு."

மூக்காயி குடத்தைக் கீழே வைத்தாள். "ஐயாவும் காலையிலேருந்து நடந்தே வர்றாரு மகராசா. அந்த ஓய்வுல அவருக்கும் கொஞ்சம் கொடுங்க."

ராஜா கண்ணைக் காட்ட, சடையாண்டியின் தண்டு பிரதானியின் தோளுக்கு மாறியது. ஐம்பது எண்ணுவதற்குள் அவர் தோளை மாற்றப் பார்த்தார்.

"ஓய்வு எப்படி இருக்கிறது?" என்று மேலிருந்து கேட்டான் ராஜா.

"இறக்கச் சொல்லுங்கள், பிரபு."

"அது வேலையாயிற்றே."

சொல்லிவிட்டுத் தானே குதித்து இறங்கினான். சுமை தரையில், உடம்பு நிழலில், அதுதான் ஓய்வு என்று பிரதானி கையாலேயே ஓலையில் எழுதவைத்தான். ஓய்வு தொடங்குவதையும் முடிவதையும் இனி மூக்காயிதான் அறிவிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான்.

புன்னை நிழலில் சடையாண்டி உட்கார்ந்தான். எதிரே ராஜா நிற்கிறான், பிரதானி நிற்கிறார். எழுந்திருக்கலாமா கூடாதா என்று அவனுக்குப் புரியவில்லை. பாதி எழுந்தான்.

"உட்காருடா," என்றாள் மூக்காயி. "இப்போ அவங்கதான் காத்திருக்கணும்."