கழன்றுபோன நடுப்பக்கம்

ஊரே கேட்கட்டும், உரக்கவே சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைய சாப்பாட்டுக்கு முன்னாலேயே விழட்டும்.

மாட்டுப்பாறை மலைமேல் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. ஓர் அறை, ஓர் ஆசிரியை. அவர் பெயர் எஸ்தர். பள்ளிகளுக்கு நட்சத்திரம் போடும் திட்டம் வந்த காலம் அது. அதிகாரி வருவார், ஐந்தாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளை அவரே பொறுக்குவார், ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வார். வேகம் முக்கியமில்லை, பிழை கூடாது. மூவரும் தேறினால் இரண்டு நட்சத்திரம். ஒருவர் தவறினாலும் ஒன்றுதான். அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஒற்றை நட்சத்திரம் வாங்கிய பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளை அடிவாரப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

மாட்டுப்பாறை போன வருஷமே ஒற்றை நட்சத்திரம் வாங்கிவிட்டது. அடிவாரத்துக்குப் போகும் வழியோ யானைகள் நடக்கும் வழி. "பூட்டினா எம்புள்ள ஆடு மேய்க்கட்டும் டீச்சர், யானைகிட்ட அனுப்பமாட்டேன்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டார்கள்.

எஸ்தர் டீச்சர் பக்கத்து மலைகளில் விசாரித்து ஒரு சங்கதி பிடித்தார். வரப்போகும் அதிகாரி வேதநாயகம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழமாட்டார். பிள்ளையின் கையில் பள்ளிப் புத்தகம், தன் மடியில் சொந்தப் புத்தகம். "நடுப்பக்கத்தை விரி" என்பார். நடுவில் கம்பிப் பின் அடித்த புத்தகம் தானாகவே அங்கேதானே விரியும்? எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே பக்கம், அதே பாடம்: ஆமை குளத்தைவிட்டுப் போன கதை.

டீச்சர் அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கூரை ஒழுகி மற்றதெல்லாம் கூழாகிப்போனதில் மிஞ்சியது ஒரே புத்தகம். அதைக் கைக்குக் கை மாற்றி, விரித்து விரித்து, காலையும் மாலையும் ஆமைதான். வாசலில் நின்ற வேப்பமரத்து மைனாகூட முதல் பத்தியைச் சரளமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் தடுமாறும். டீச்சர் ஜன்னல் வழியாக அதையும் திருத்துவார்.

ஆமை தெரியாதவள் செல்லக்கிளி ஒருத்திதான். செங்கல் சூளைக்குப் போயிருந்த பெற்றோரோடு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள். எழுத்து எழுத்தாகத் தடவித்தான் வாசிப்பாள்; ஆனால் தீப்பெட்டியோ, உரச் சாக்கோ, எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள். டீச்சருக்குப் பயம். "நாளைக்கு வயித்துவலின்னு வீட்டிலேயே இருடி" என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

"ஏன்டி வந்தே?"

"இன்னிக்கு முட்டை டீச்சர்."

விரட்ட நேரமில்லை. ஜீப் வந்துவிட்டது. அதிகாரி உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார், கோகுலையும் டேவிட்டையும் கூப்பிட்டார். "கடைசியில தலையைக் குனிஞ்சிருக்கியே, நீயும் வாம்மா" என்று செல்லக்கிளியையும் அழைத்தார்.

கோகுல் புத்தகத்தை விரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற டீச்சர் எட்டிப் பார்த்தார். நடுத்தாளைக் காணோம். ஓயாமல் விரித்ததில் அது கழன்று போயிருந்தது. பின்னின் காலில் ஒரு துணுக்கு மட்டும் தொங்கியது. (ஆடு தின்றது என்கிறார்கள். அந்த ஆடு அதற்கப்புறம் ஆமை நடைதான் நடந்ததாம்.) விரிந்திருந்தது யாருக்கும் நடத்தாத உப்பளப் பாடம்.

கோகுலின் விரல் உப்பின்மேல் ஓடியது, வாய் ஆமையைச் சொன்னது. அதிகாரி தன் புத்தகத்தில் ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து சரி.

"பேஷ். அடுத்தது?"

டேவிட்டும் அப்படியே. அவனும் பேஷ்.

செல்லக்கிளி புத்தகத்தை வாங்கினாள். முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"உப்... பள... த்தில்... கடல்... நீரை..."

"நிறுத்தும்மா. உப்பா? ஆமை எங்கே?"

"இதுல ஆமை இல்லீங்க சார்."

பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பக்கத்தைப் பார்க்காம கண்டதைச் சொல்றியே" என்றார் அதிகாரி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தடவைதான் போனில் பதிய வேண்டும். இரண்டு பேருக்குத் தேர்ச்சி போட்டாயிற்று. கட்டைவிரல் மூன்றாவது கட்டத்தின்மேல் வந்து நின்றது.

செல்லக்கிளி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. 'நான் சரியாத்தானே வாசிச்சேன்?' என்று கேட்கிற பார்வை.

டீச்சர் பேசாமலிருந்தால், வாசித்த ஒரே பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று பதிவாகும், பள்ளியும் பூட்டப்படும். உண்மையை உடைத்தால் பையன்கள் இருவரும் விழுவார்கள், அப்போதும் பூட்டுதான். பொய் சொல்லலாமென்றால், அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

கேட்டவர்களே, யோசியுங்கள். கட்டைவிரல் இறங்குவதற்குள் எஸ்தர் டீச்சர் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

விடை: அதிகாரியிடம் இன்னொரு புத்தகம் இருந்ததை மறந்துவிட்டீர்களா? "சார், உங்க புத்தகத்தை அவகிட்ட குடுங்க, எங்களோடதை நீங்க பாருங்க" என்றார் டீச்சர். செல்லக்கிளி ஆமைக் கதையை முதன்முதலாகப் பார்த்தாள். தடவித் தடவி, ஒரு பிழையில்லாமல் ஒரு பத்தியை முடித்தாள். அதற்குள் பள்ளிப் புத்தகம் அதிகாரி கையில் விரிந்திருந்தது. பின்னைப் பார்த்தார், துணுக்கைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று நின்றார். அதிகாரி கேட்கவில்லை. மூன்று பேருக்கும் தேர்ச்சி போட்டு அழுத்திவிட்டு, அன்றைக்கு முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். "நடுத்தாள் மட்டும் கழண்டிருக்கு டீச்சர். அடுத்த வருஷம் நான் வரும்போது வாசிச்சு வாசிச்சு எல்லாத் தாளும் இப்படிக் கழண்டிருக்கணும். இல்லேன்னா சாவியை நானே வாங்கிட்டுப் போயிடுவேன்." சொல்லிவிட்டுத் தன் புத்தகத்தைச் செல்லக்கிளியிடமே விட்டுப் போனார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் முட்டை தின்றாள்.

வேதநாயகம் இன்னும் வேலையில் இருக்கிறார். ஆகவே யாரிடம் இதைச் சொன்னாலும் சொன்னவன் பேரைச் சொல்லாதீர்கள். ரொம்பத் துருவினால் மைனா சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.