அவையடக்கம் எழுதிய சாம்பிராணி ஓலை

செழியங்கோட்டை மன்னர் வீரபூபதியின் அவையில் நான் புராணம் வாசிக்கும் புலவனாக இருந்தேன். ஒரு செய்யுளை எடுத்துப் பொருள் விரிக்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அவையில் பாதிப் பேர் கண்மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். பல ஆண்டுகள் அதைத் தியானம் என்றே நான் நம்பியிருந்தேன்.

கோயிலின் கிழக்கு வாசலில் வடிவுடையாள் என்னும் அம்மையார் சிறிய சாம்பிராணிக் கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைக்கு வருகிறவர்களில் விரும்பியவர்கள் தம் பெயரையும் தெருவையும் கொடுத்துவிட்டுப் போகலாம். வெள்ளிதோறும் அவர்கள் வீட்டுக்கு ஓர் ஓலை வரும். பூக்காரர்கள் பூவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஓலைக்கு விலை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் பெயரை எடுத்துவிடுவார். இருநூறு பேர் பெயர் கொடுத்தார்கள். எழுதுவதற்கு ஆள் தேடி, போதாத காலம், என்னிடம் வந்தார்.

"நாலு வரி போதும், புலவரே. இந்த வாரம் என்ன புதிதாக வந்திருக்கிறது, அதை எப்படிப் புகைக்க வேண்டும். அவ்வளவுதான்."

"கடவுள் வாழ்த்துக்கே நாலு வரி போதாதே, அம்மா."

முதல் வெள்ளியன்று நான் எழுதியது வீட்டுக்கு ஏழு ஓலைகள் ஆயிற்று. கடவுள் வாழ்த்து, குரு வணக்கம், திருவடிப் பெருமை எல்லாம் முறைப்படி அமைந்தன. சாம்பிராணி என்ற சொல் ஏழாம் ஓலையின் கடைசி வரியில் வந்தது. இரண்டாம் வெள்ளியன்று ஒன்பது ஓலைகள்.

வடிவுடையாள் வந்தார். "முப்பது பேர் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள், புலவரே."

"மற்றவர்கள் படிக்கிறார்கள் அல்லவா?"

"தணல் மூட்டுகிறார்கள். உங்கள் ஓலை நன்றாகப் பற்றிக்கொள்கிறதாம்."

என் எழுத்து வழிபாட்டுக்குப் பயன்படுகிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சியை விட்டுவிட்டேன்.

மூன்றாம் வெள்ளிக்கு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சுருக்கினேன். வாழ்த்தை விட்டேன், வணக்கத்தை விட்டேன், திருவடிப் பெருமையையும் விட்டேன். அவையடக்கத்தை மட்டும் விட மனம் வரவில்லை. தன் நூல் எளியது, பெரியோர் பொறுக்க வேண்டும் என்று பணிந்து சொல்லாமல் எந்தப் புலவன் எழுத்தாணியை எடுப்பான்? ஆகவே அந்த ஓலை இப்படி அமைந்தது:

"குற்றம் பல உடையது, மணம் சிறிதும் இல்லாதது, ஆயினும் பெரியோர் பொறுத்து ஏற்றருள்க. வடிவுடையாள் கடைச் சாம்பிராணி."

ஓலை சிறியதாக இருந்ததால் அன்றுதான் எல்லாரும் படித்தார்கள்.

பெரிய கடைவீதியில் சாம்பிராணி விற்ற தாண்டவமூர்த்தியும் படித்தார். கிழக்கு வாசல் இடத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். கோயில் வாசலில் குற்றமுள்ள பொருளை விற்பவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அரச ஆணை. மறுநாளே மன்னரிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

எங்கள் மூவரையும் அவைக்கு அழைத்து மன்னர் ஓலையை உயர்த்திக் காட்டினார். "அம்மா, இது உன் கடை ஓலைதானா?"

"என் கடை ஓலைதான், மகாராஜா. எழுத்து புலவருடையது."

அவை முழுவதும் என்னைப் பார்த்தது. அன்று ஒருவர்கூடத் தியானத்தில் இல்லை.

தாண்டவமூர்த்தி முந்திக்கொண்டார். "மரபு, வழக்கம் என்று புலவர் நழுவப் பார்ப்பார், மகாராஜா. எழுத்தில் உள்ளதை உள்ளபடியே கொள்ள வேண்டும்."

வடிவுடையாள் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் கடையே போகப்போகிறது. இன்றைக்காவது சுருக்கமாகப் பேசுங்கள்."

நான் எழுந்தேன். "வணிகர் சொன்னதை ஏற்கிறேன், மகாராஜா. எழுத்தை உள்ளபடியே கொள்வோம். அவருடைய விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அது போதும்."

அரண்மனை எழுத்தர் படித்தார்: "மன்னர் பெருமான் திருவடிகளுக்கு, அறிவிலியும் பொய்யனும் ஆகிய அடியேன் தாண்டவமூர்த்தி பணிந்து எழுதும் விண்ணப்பம்..."

"நிறுத்துங்கள்," என்றேன். "தாம் பொய்யர் என்று வணிகரே கைப்பட எழுதியிருக்கிறார். பொய்யர் கொடுத்த விண்ணப்பத்தை மகாராஜா எப்படி நம்புவது?"

தாண்டவமூர்த்தி குறுக்கிட்டார். "அது பணிவுக்காக எழுதுவது, மகாராஜா. விண்ணப்பம் என்றால் எல்லாரும் அப்படித்தானே தொடங்குகிறார்கள்?"

"ஆம். இந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித் தொடங்கக் கற்பித்தவன் அடியேன்தான்," என்றேன்.

மன்னர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தீர்ப்புச் சொன்னார். "பணிவுக்காக எழுதிய சொல்லை இந்த நாட்டில் யாரும் உள்ளபடி கொள்ள வேண்டாம். விண்ணப்பம் தள்ளப்பட்டது. கிழக்கு வாசல் இடம் இந்த அம்மாவுக்கே. அரண்மனைப் பூசைக்கும் இனி அங்கிருந்தே சாம்பிராணி வரட்டும். அம்மா, உன் பட்டியலில் என் பெயரையும் எழுதிக்கொள்."

பிறகு என்னைப் பார்த்தார். "புலவரே, இன்றுபோல் நீர் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வெள்ளி ஓலையை ஆயுள் முழுவதும் எழுதும் பொறுப்பை உமக்கே பட்டம் கட்டித் தருகிறேன்."

வழக்கப்படி கைகளைக் கூப்பினேன். "மகாராஜா, அதற்குச் சிறிதும் தகுதி இல்லாதவன் அடியேன்."

"பார்த்தீர்களா, மறுபடியும் அவையடக்கம்," என்று சொல்லி மன்னர் பட்டம் கட்டும் பட்டுத்துணியைக் கையில் எடுத்தார்.

வடிவுடையாள் அவசரமாக முன்னே வந்து வணங்கினார்.

"மகாராஜா, தங்கள் தீர்ப்புக்கு ஒரே ஒரு விலக்கு வேண்டும். புலவர் இப்போது சொன்னதை மட்டும் உள்ளபடியே கொள்ளுங்கள்."