கொழுக்கட்டை வீட்டில் விளக்கை அணைத்த கதை

கோயமுத்தூரில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேல்மாடியில் கார்ட்டூன் கம்பெனி ஒன்று நடந்துவந்தது. கீழே மாவு ஆட்டிக் காட்டினார்கள், மேலே யானையை ஆட்டிக் காட்டினார்கள். கம்பெனியில் மொத்தம் நாலு பேர். தாங்கள் நாலு பேரும் கெட்டிக்காரர்கள் என்பதில் அந்த நாலு பேருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

முதலாளியும் அவர்தான், டைரக்டரும் அவர்தான்: நாச்சிமுத்து. வீடு, மரம், ஆறு எல்லாம் வரைவது கோதண்டம். வண்ணம் தீட்டுவது சம்பூரணம். சத்தம் சேர்ப்பது ஆரோக்கியம். யானை பிளிறினாலும் கதவு கிறீச்சிட்டாலும் அது அவன் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இவர்கள் தயாரித்த தொடரின் பெயர் ‘கொழுக்கட்டை’. கொழுக்கட்டை ஒரு யானைக்குட்டி. பாகன் வீட்டில் வளர்கிறது. வேலை நாட்களில் ராத்திரி எட்டரை மணிக்கு டிவியில் வந்து, ஏதாவது சேட்டை செய்துவிட்டுப் போகும்.

ஒரு நாள் சேனலிலிருந்து ஹேமலதா மேடம் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தார்.

“சார், இனிமே எங்க சேனல்ல குழந்தைகள் நிகழ்ச்சி எல்லாம் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாம தயாரிக்கணும்னு முடிவாயிருக்கு. கரண்ட் வீணாகக் கூடாது. தண்ணி வீணாகக் கூடாது. புகை கூடாது. வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். சரியா இருந்தா அடுத்த சீசன் உங்களுக்கு. இல்லேன்னா இதோட நிறுத்திக்கலாம்.”

“கொழுக்கட்டையிலீங்களா மேடம்?”

“கொழுக்கட்டையிலதான் சார். வேற எதுல?”

அவர் போனை வைத்துவிட்டார். ‘நிறுத்திக்கலாம்’ என்ற சொல் மட்டும் நாச்சிமுத்துவின் காதை விட்டுப் போகவில்லை. காரணம் அவருடைய மச்சான் காளியப்பன். காளியப்பன் பம்புசெட் கம்பெனி வைத்திருந்தார். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்று காட்ட, ஒவ்வொரு மோட்டார் மேலும் கறுப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி போடவேண்டும். “இந்த ஆனை பொம்மை எல்லாம் ஓடாது மாப்ள. நம்ம கம்பெனிக்கு வந்து அம்பு போடுங்க” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா மோட்டாருக்கும் ஒரே அம்பு, அதுவும் ஒரே பக்கம். கொழுக்கட்டையின் தும்பிக்கையை ஆயிரம் விதமாக வளைத்து வரைந்த கைக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை. நினைத்தாலே நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது.

உடனே கூட்டம் போட்டார். ஏசி பதினாறில் ஓடியதால் கோதண்டம் குரங்குக் குல்லாய் போட்டிருந்தான். அந்தக் குளிர் தாங்காமல் சம்பூரணம் காலடியில் ஹீட்டர் வைத்திருந்தாள். பாத்ரூமில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக் காட்சிக்கு உதவும் என்று ஆரோக்கியம் அதை ரிப்பேர் செய்யவே விட்டதில்லை. வாசலில் ஜெனரேட்டர் புகை கக்கியது. புகையைப் பற்றிப் பேசும்போது புகை தொந்தரவாக இருக்கக் கூடாது என்று ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள்.

“கொழுக்கட்டையில எங்கெல்லாம் தண்ணி வீணாகுதுன்னு மொதல்ல கண்டுபுடிக்கோணும்” என்றார் நாச்சிமுத்து. “படத்தைப் போடு.”

படம் ஓடியது. முதல் காட்சியிலேயே கோதண்டத்தின் முகம் சுண்டிவிட்டது. பாகன் வீட்டு வாசலில் இருந்த குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாந்தானுங்கண்ணா வரைஞ்சேன். பாக்க லட்சணமா இருக்கும்னு ஒரு சொட்டு வெச்சேன்.”

“ஒரு சொட்டுதான் வெச்சே. தினமும் ராத்திரி ஓடுது. காலைல மறுஒளிபரப்பு வேற” என்றான் ஆரோக்கியம். “எத்தனை வீட்டு டிவில சொட்டுதுன்னு நெனச்சுப் பாரு.”

எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். சிறுவாணி அணையே காலியாகியிருக்கும் போலத் தோன்றியது. கோதண்டம் குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சரி, குழாயை மூடி வரைஞ்சுரு” என்றாள் சம்பூரணம்.

“அதெப்படி? வீட்டுல ஆளே இல்லாதப்ப குழாய் தானா மூடிக்குமா?” என்று கேட்டார் நாச்சிமுத்து. கதையில் நியாயம் பிசகுவது அவருக்குப் பிடிக்காது.

“பாகன் வந்து மூடட்டும்.”

“பாகன் காட்டுக்குத் தழை வெட்டப் போயிருக்கான். அதுபோக, அது வாஷர் போன குழாய். மூடுனாலும் நிக்காது.”

அதனால் கோதண்டம் ஒரு பிளம்பரை வரைந்தான். நல்ல பிளம்பர். கையில் ஸ்பேனர், காதில் பென்சில். அவரை மொபெட்டில் ஏற்றி அனுப்பும்போது சம்பூரணம் தடுத்தாள்.

“மொபெட்டு புகை விடுமே.”

பிளம்பரை மொபெட்டிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். அவர் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். பாதிப் படம் ஓடியும் பாகன் வீடு வரவில்லை.

“இந்த ஆளு எங்கிருந்து வர்றாரு?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“ஒண்டிப்புதூர்னு நெனச்சு வரைஞ்சேனுங்க.”

“கொஞ்சம் கிட்டத்துல இருந்து ஒரு பிளம்பர் கெடைக்கலையா உனக்கு?”

“கெடைப்பாருங்க. ஆனா பாவம், இவரு கெளம்பிட்டாரே.”

கிளம்பிய மனிதரைத் திரும்பிப் போகச் சொல்ல நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. அவர் பாட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது கொழுக்கட்டை ஆற்றில் குளிக்கும் பாட்டு. ஓர் ஆறு முழுவதையும் ஒரு யானைக்குட்டிக்குக் கொடுப்பது அநியாயம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆற்றை அழித்துவிட்டு ஒரு செம்பு வைத்தார்கள். கொழுக்கட்டை அந்தச் செம்பையும் தும்பிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி பாட்டு முழுக்க நின்றது. ‘தண்ணியிலே குதிப்போம்’ என்ற வரி வரும்போது கண்ணை மூடிக்கொண்டது.

அதற்கடுத்து ரயில். ரயில் புகை விட்டதால் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பயணிகள் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். டீக்கடைக் கொதிகலனிலிருந்து ஆவி வந்தது. ஆவி புகையா இல்லையா என்று மதியச் சாப்பாடு வரை வாதம் நடந்தது. எதற்கு வம்பு என்று சம்பூரணம் அடுப்பை அணைத்தாள். டீக்கடைக்காரர் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கரண்ட். இதுதான் பெரிய விவகாரமாக இருந்தது, ஏனென்றால் பாகன் வீட்டில் பல்பு எரிந்தது, தெருவில் விளக்கு எரிந்தது, டீக்கடையில் சீரியல் பல்பு வேறு. ஒவ்வொன்றாக அணைத்தார்கள். எல்லாம் அணைந்த பிறகும் கொழுக்கட்டை மங்கலாகத் தெரிந்தது.

“நெலா எரியுதுங்கண்ணா” என்றான் ஆரோக்கியம்.

“நெலாவுக்கு யாரு கரண்ட்டு பில்லு கட்டுறா? அது இருக்கட்டும்” என்றான் கோதண்டம்.

“அதுக்குன்னு சொந்த வெளிச்சம் கெடையாது. சூரியன்கிட்ட வாங்கித்தான் எரியுது” என்றாள் சம்பூரணம். பள்ளிக்கூடத்தில் அவள் கவனித்த ஒரே பாடம் அது.

“அப்ப செகண்ட் ஹேண்டு வெளிச்சம். செகண்ட் ஹேண்டு சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?” என்றான் கோதண்டம்.

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தார். “நல்லதுதான். ஆனா மேடம் ஒருவேளை பாத்து, ‘சூரியன் தூங்கற நேரத்துல எதுக்கு அவரைத் தொந்தரவு பண்றீங்க’ன்னு கேட்டா நாம என்ன பதில் சொல்றது?”

நிலாவையும் அணைத்தார்கள்.

இப்போது திரை முழுக்க இருட்டு. சத்தம் மட்டும் இருந்தது: கொழுக்கட்டையின் மெல்லிய குறட்டை, குழாய் சொட்டும் ஓசை, தூரத்தில் பிளம்பரின் செருப்புச் சத்தம். இருட்டு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று கவனமாகப் பார்ப்பதற்காக நால்வரும் ஆபீஸில் இருந்த டியூப்லைட் அத்தனையையும் போட்டார்கள். அத்தனை லைட்டின் சூட்டில் புழுங்கியதால் இரண்டாவது ஏசியையும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேமலதா மேடம் வந்தார். படியேறும்போதே ஜெனரேட்டர் புகையில் இருமினார். உள்ளே வந்ததும் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார்.

“என்ன சார் இது? ரெண்டு ஏசி, ஹீட்டர், இத்தனை லைட்டு. நான் என்ன சொன்னேன்?”

“எல்லாம் செஞ்சாச்சுங்க மேடம். நீங்க படத்தைப் பாருங்க” என்று நாச்சிமுத்து பெருமையோடு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மேடம் பார்த்தார். செம்பைப் பார்த்தார், ரயில் தள்ளுகிறவர்களைப் பார்த்தார், நடந்து வரும் மனிதரை வெகுநேரம் பார்த்தார். பிறகு இருட்டானது.

“படம் எங்கே?”

“ஓடிட்டுதானுங்க இருக்குது. கரண்ட்டை வீணாக்கக் கூடாதுன்னு லைட்டை அணைச்சிருக்கோம்.”

ஹேமலதா மேடம் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார். “சார், நான் சொன்னது இந்த ஆபீஸை. இந்த ஏசியை. அந்த ஜெனரேட்டரை. பாத்ரூம்ல ஒழுகுதே, அந்தக் குழாயை.”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இங்க ஒழுகறதை யாரு மேடம் பாக்கறா?” என்றாள் சம்பூரணம். “டிவில ஒழுகறதைத்தானே ஊரே பாக்குது?”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரைக்கு ஒளிபரப்பு. பழைய படத்தின் மேலேயே எல்லாவற்றையும் அழித்து வரைந்திருந்தார்கள். போடுவதற்கு வேறு படமும் இல்லை. “இதையே போடறேன். ஆனா இதோட முடிஞ்சுது சார்” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஏசியையும் லைட்டையும் தானே அணைத்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். செய்தி எப்படித்தான் போனதோ, வீட்டுக்குப் போவதற்குள் காளியப்பன் ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் நாச்சிமுத்து அழுதேவிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை, மற்ற மூவரோடு சேர்ந்து சாமான்களைக் கட்டுவதற்காக ஆபீஸுக்கு வந்தார். அப்படியே பம்புசெட் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று பெயின்ட் டப்பாவும் கையோடு வந்தது.

அப்போது போன் வந்தது. ஹேமலதா மேடம்தான். குரலே மாறியிருந்தது.

“சார், என்ன மாயம் சார் பண்ணீங்க? வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரே போனா வருது. எட்டரைக்கு டிவி முன்னாடி உக்காந்த குழந்தைங்க எல்லாம் எட்டே முக்காலுக்கெல்லாம் தூங்கிடுச்சாம். அந்தக் குறட்டையும் செருப்புச் சத்தமும் கேட்டுப் பெரியவங்களும் தூங்கிட்டாங்களாம். தினமும் போடுங்கன்னு அப்பா அம்மா எல்லாம் கேக்கறாங்க. அடுத்த சீசன் உங்களுக்குத்தான்.”

எல்லோரும் கேட்கட்டும் என்று நாச்சிமுத்து போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஒரே ஒரு விஷயம்” என்றார் மேடம். “புதுசா எதுவும் செய்யவேண்டாம். அந்த இருட்டையே தினமும் போட்டுக்கலாம். கரண்ட் செலவே இல்லை. நான் மொதல்லேர்ந்து சொன்னதும் இதுதான்.”

கோதண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “அது வெள்ளிக்கிழமை இருட்டுங்க மேடம். அதைத் திங்கக்கிழமை போட்டா பிள்ளைங்க கண்டுபுடிச்சிருவாங்க.”

“அன்னிக்கு அமாவாசை வேற” என்றாள் சம்பூரணம். “மூணாம்பிறை அன்னிக்கு அமாவாசை இருட்டைப் போட்டா யாரு நம்புவா?”

“நீங்க கவலைப்படாதீங்க மேடம். தெனமும் புது இருட்டு போட்டுக் குடுத்தர்றோம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மேடம் பதில் சொல்வதற்குள் நாச்சிமுத்து போனை வைத்தார். பார்வையாளர்களை ஏமாற்றுகிற பழக்கம் அவருக்கு எந்த நாளும் கிடையாது.

இருட்டில் உட்கார்ந்து இருட்டு வரைய முடியாதல்லவா. டியூப்லைட் அத்தனையும் எரிந்தன. இரண்டு ஏசியும் ஓடின, கோதண்டம் குல்லாயைப் போட்டான், சம்பூரணம் ஹீட்டர் சுவிட்சைத் தட்டினாள், ஜெனரேட்டர் உறுமியது. ஆனால் எவ்வளவு முயன்றும் சம்பூரணத்துக்குத் திங்கட்கிழமையின் கறுப்பு சரியாக அமையவில்லை. கடைசியில் அவள் கண் மச்சானின் பெயின்ட் டப்பா மேல் விழுந்தது. மூடியைத் திறந்து, பிரஷ்ஷை முக்கி, மானிட்டர் மேலேயே இரண்டு பூச்சு பூசினாள்.

நால்வரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அப்படி ஓர் இருட்டை அவர்கள் அதுவரை வரைந்ததேயில்லை.

“அருமை” என்றார் நாச்சிமுத்து, கண்கலங்கி. “மச்சான் பெயின்ட்டு நல்ல பெயின்ட்டுதான். மத்த மானிட்டருக்கும் அடிச்சுரும்மா.”

சம்பூரணம் அடித்துக்கொண்டே போய், கோதண்டத்தின் மானிட்டரிடம் வந்தபோது அவன் பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, இதுல மட்டும் வேண்டாம். பிளம்பர் இன்னும் வந்துட்டிருக்காரு. இருட்டுல தடுக்கி விழுந்துருவாரு.”