பொது இடமா, சொந்த இடமா

"டீச்சர், இதுங்க மூணும் ஒண்ணையொண்ணு கண்டுக்கவே மாட்டேங்குது" என்றார் தெய்வநாயகம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பியவர் அவர். கற்றுக்கொடுக்கும் செண்பகத்துக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். சந்தேகம் வந்தால் போன் போட்டு வீட்டுக்கே வரவழைத்துவிடுவார்.

அந்த வீட்டில் ஒரே வைஃபை, மூன்று கம்ப்யூட்டர். அவருடையது விண்டோஸ். மகனுடையது லினக்ஸ். புனேயிலிருந்து வந்த மருமகள் மேதாவுடையது மேக். பேத்தியின் படமெல்லாம் அந்த மேக்கில்தான் இருந்தது. மறுநாள் பேத்திக்கு முதல் பிறந்தநாள். படங்களை அச்சடித்துக் கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டிவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை.

"மேதாகிட்ட கேட்டா குடுத்துரப் போறாங்க."

"அவ தமிழ வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பேச? எனக்கு மராத்தி ஒரு எழுத்து தெரியாது. இதுங்களும் அப்படித்தான். ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. எப்படிப் பேசிக்கும்?"

அந்நேரம் பார்த்து மேதா, இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள்.

"மாமா, டீ வேணுமா? காபி வேணுமா?"

தெய்வநாயகம் தலையை மட்டும் ஆட்டினார். சற்று நேரத்தில் டீ வந்தது.

"நீங்க காபி ஆளாச்சே, ஐயா?"

"அவ வந்ததிலேருந்து டீதான்" என்று உறிஞ்சினார்.

செண்பகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வைஃபையில சேர்த்தப்ப இது ஒரு கேள்வி கேட்டிருக்குமே?"

"கேட்டுது. பொது இடமா, சொந்த இடமான்னு. பொதுன்னுட்டேன். ஜாக்கிரதையா இருக்கணும்ல?"

"நல்ல ஜாக்கிரதை! வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்னு சொல்லியிருக்கீங்க. அது பாவம், யாரு முகத்தையும் பாக்கல. தன் முகத்தையும் காட்டல."

"அப்ப பாஷை?"

"மூணுக்கும் தெரிஞ்ச பேச்சு ஒண்ணு இருக்கு, ஐயா. ரொம்ப நாளாவே இருக்கு."

சொந்த இடம் என்று மாற்றினாள். திரையில் மகன் பெயர் வந்தது. பக்கத்திலேயே மேதாவின் பெயரும் வந்து நின்றது.

தெய்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. மேதாவின் பெயரை அவசரமாகத் தட்டினார்.

"டீச்சர்! பாஸ்வேர்டு கேக்குதே! என்ன போடட்டும்?"

செண்பகம் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"அது எங்கிட்ட இல்ல, ஐயா. பக்கத்து ரூம்ல இருக்கு. போறப்ப அப்படியே காபியும் கேட்டுருங்க."