தும்பன் கையை விட்ட இடம்

அந்தக் காலத்தில், கல்லும் நீரும் நாரும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கயிறு அறுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு தேங்காய் நாருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நார்க்குடியினர் இருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நீண்ட வரிசைகளாக நிற்பதுதான் அவர்கள் வேலை. பிறந்தது முதல் கையை விட்டவர் யாருமில்லை.

கடற்கரையில் பவளாயி என்ற மீன்காரி தன் தோணியை அப்படியொரு கயிற்றால் கரைக்கட்டையில் கட்டியிருந்தாள். கயிற்றின் பெரும்பகுதியில் நார்க்குடியினர் தோளோடு தோள் இடித்து நெருக்கமாக நின்றார்கள். கட்டையைச் சுற்றி வளையும் இடத்தில் மட்டும் வரிசை நெகிழ்ந்து, ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தது. அங்கேதான் தும்பன் நின்றான். அவன் கையைப் பற்றியிருந்தவள் கோரை.

அந்தக் கோடையில் வெயில் அந்த இடைவெளிக்குள் புகுந்து தும்பனை வாட்டியது. ஒருநாள் அலையிலிருந்து தெறித்த நீர்த்துளி ஒன்று கயிற்றில் ஏறியது. நெருக்கமான வரிசைகளில் அதற்கு நுழைய வழியில்லை. நெகிழ்ந்த இடத்துக்கு வந்து, தும்பன் பக்கத்தில் நின்றது.

“ரொம்பக் காய்ஞ்சு போயிட்டியே. கையைக் கொஞ்சம் நீட்டு, என்னை வாங்கிக்கோ.”

“கையை விட்டா வரிசை போயிடும்” என்றான் தும்பன்.

“ஒரு நொடிதானே? அப்புறம் பிடிச்சுக்கோ.”

“வேண்டாம் தும்பா, பேச்சுக் கொடுக்காதே” என்றாள் கோரை.

தும்பன் கையை விட்டான்.

அந்த நொடியில் நீர்த்துளி இரண்டாகப் பிளந்தது. ஒரு பங்கு அவன் கையில் ஒட்டிக்கொண்டது. மறுபங்கு, கேட்காமலே, கோரையின் கையில் ஒட்டிக்கொண்டது. தும்பன் பதறிக் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். இரண்டு கைகளும் நீரால் நிறைந்திருந்தன. ஒன்றை ஒன்று பற்ற முடியவில்லை.

“நான் கேக்கவே இல்லையே” என்று கோரை அழுதாள்.

அவர்கள் விட்ட பாரம் பக்கத்து வரிசைகள்மேல் விழுந்தது. காற்று தோணியை இழுத்தது. ஒவ்வொரு வரிசையாகக் கை நழுவி, கயிறு அறுந்தது. தோணிக்குள் பவளாயியின் கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பவளாயி திரும்பிப் பார்த்தாள். கத்திக்கொண்டே கடலில் பாய்ந்தாள். அலைகளுக்கு நடுவே அவள் தலை மறைவதும் தெரிவதுமாக இருந்ததை, கட்டையில் தொங்கிய துண்டிலிருந்து தும்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூட அவனால் முடியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தோணியைத் தள்ளிக்கொண்டு அவள் கரை சேர்ந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அதை மார்போடு அணைத்தபடி கயிற்று நுனியைக் கையில் எடுத்தாள்.

“யாரு கையை விட்டது?”

மற்றவர்கள் தும்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவே அவனைச் சுட்டது.

“நான்தான் தாயி” என்றான். “தாகம் தாங்கலை.”

பவளாயி கையை ஓங்கவில்லை, திட்டவும் இல்லை. “சொல்லியிருக்கலாமே ஐயா. உன்னை நிழல்ல போட்டிருப்பேனே” என்றாள்.

ஏசியிருந்தால் அவன் நிமிர்ந்திருப்பான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவனால் தலை தூக்க முடியவில்லை. அவள் இரு துண்டுகளையும் முடிச்சிட்டாள். தும்பனும் கோரையும் முடிச்சுக்கு வெளியே, ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் பிசிறாகத் தங்கிவிட்டார்கள். கோரை ஒருமுறை அவன் பக்கம் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் பழங்கயிறு இறுக்கமான இடத்தில் அறாமல், நெகிழ்ந்து வெயிலும் ஈரமும் புகுந்த இடத்தில் அறுகிறது. அறுந்த நுனிகளும் தாமாக ஒட்டாமல், தலை கவிழ்ந்து தொங்குகின்றன.